மாலை நடைக்கு வேலூர்க் கோட்டையா, ஸ்ரீபுரம் பொற்கோயிலா?

ரிட்டயர் ஆன வேலூர் நண்பர்கள் பலர் கேட்பது இதைத்தான்.

செலவு: இரண்டிலும் நுழைவு இலவசம். ஸ்ரீபுரத்துக்கு டவுன் பஸ் காசு சேரும். கோட்டை ஊர் நடுவிலேயே இருக்கிறது.

நடை: ஸ்ரீபுரத்தில் நட்சத்திர வடிவப் பாதை, கிட்டத்தட்ட 1.8 கி.மீ. நிழல் உண்டு. ஆனால் உள்ளே போனால் சுற்றி முடித்துத்தான் வரவேண்டும். கோட்டையில் கால் வலித்தால் அகழி ஓரம் உட்காரலாம், அப்படியே திரும்பலாம். முட்டிவலிக்காரருக்கு இது பெரிய விஷயம்.

பார்க்க: ஸ்ரீபுரத்தில் தங்கத் தகடு. கோட்டையில் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபம். தூண்களில் பாயும் யாளிகளை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. பேரப்பிள்ளைகளுக்கு 1806 சிப்பாய்ப் புரட்சியையும் அங்கேயே சொல்லலாம்.

தினசரி நடைக்குக் கோட்டை. வெளியூர் உறவினர் வந்தால் ஸ்ரீபுரம், அதுவும் வார நாளில்.