பிளாங்டன் வலை வாங்கப் போறீங்களா, கண்ணி அளவை பாருங்க மொதல்ல

ஏ/எல் பயோ படிக்கிற தங்கச்சிக்கு, தண்ணில மிதக்குற பொடி உயிர்கள (பிளாங்டன்) புடிக்க ஆன்லைன்ல எடுத்தது. தையல் ஸ்ட்ரோங், கீழ மாட்டுற போத்தலும் லீக் இல்ல, ஆனா கண்ணி, அதாவது வலை ஓட்டை, 150 மைக்ரோன் (0.15 மி.மீ), அங்கதான் எனக்கு கடுப்பு. நுவரெலியா கிரகரி வாவி மாதிரி எடத்துல சுத்தியுள்ள மரக்கறி தோட்டத்து உரம் மழையோட எறங்குது, நைட்ரஜனும் பொஸ்பரஸும் கூடுனா பாசி கூடும், நீலப்பச்சைப் பாசி நூல் நூலா வந்தா பாசி தின்னுற டாப்னியாங்கிற குட்டி நீர்த்தெள்ளோட வடிகட்டுற கால்ல சிக்கி அதுக்கு சாப்பிடவே ஏலாது பாவம், அப்ப அது கொறஞ்சு ரொட்டிபர் (அதவிட சின்ன நுண்ணுயிர்) மாதிரி பொடிசுங்க பெருகும். அந்தப் பொடிசுல பாதிக்கு மேல இந்த வலைல ஓடிரும்! தண்ணி எப்படின்னு சொல்ற ஆளே அதுதானே.

போன் லென்ஸ்ல பாத்தா கொப்பிபோட் (இறாலுக்கு சொந்தக்கார பொடி உயிர்) ஒன்னு வால் பக்கம் ரெண்டு முட்டைப் பையோட வெட்டி வெட்டி ஓடுச்சு, அது சூப்பர்.

50, 60 மைக்ரோன் எடுங்க, பாசித் தண்ணில சீக்கிரம் அடைக்கும், மெதுவா இழுத்து வெளிப்பக்கமா தண்ணி ஊத்தி கழுவணும். இதுக்கு 3 ஸ்டார்.