ஜாங்கோவில் கூட்டு பிரைமரி கீ: நிலப் பதிவுகளோடு பழகிய அனுபவம்

வேலூர் சத்துவாச்சாரியில் பத்திர வேலை பார்க்கும் அலுவலகம் ஒன்றுக்காக நான் பராமரித்து வரும் மென்பொருள், பைத்தான் மொழியில் வலைச் செயலிகள் எழுத உதவும் கட்டமைப்பான ஜாங்கோவில் இயங்குகிறது. ஜாங்கோ திட்டத்தில் 2005-இல் 373-ஆம் எண்ணில் பதிவான கோரிக்கை 2025 ஏப்ரலில் வெளிவந்த 5.2 பதிப்பில்தான் நிறைவேறி, பல நெடுவரிசைகளைச் சேர்த்து ஒரே பிரைமரி கீயாக (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் மதிப்பாக) அறிவிக்கும் வசதி கிடைத்தது. அது முதல் பயன்படுத்தி வருகிறேன்.

சர்வே எண்ணுக்கென்றே வந்த வசதி என்று முதலில் யாருக்கும் தோன்றும். 112/2ஏ என்ற எண் பல கிராமங்களில் இருக்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு ஆகிய ஐந்தும் சேர்ந்தால்தான் அது ஒரே நிலத்தைக் குறிக்கும். ஆனால் இந்த ஐந்தும் மாறக்கூடியவை. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது வாலாஜாவும் அரக்கோணமும் ராணிப்பேட்டைக்கும், ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்கும் போயின. பாகம் பிரித்தால் 2ஏ என்பது 2ஏ1, 2ஏ2 என்றாகிவிடும். பிரைமரி கீயில் உள்ள மதிப்பை மாற்றிச் சேமித்தால், ஜாங்கோ பழைய பதிவைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட்டுப் புதிய பதிவு ஒன்றைச் சேர்த்துவிடும். வில்லங்கம் பார்க்கிற இடத்தில் ஒரே நிலத்துக்கு இரண்டு பதிவுகள் இருப்பதை ஏற்கவே முடியாது. ஆகவே நிலத்துக்குத் தானாக ஏறும் எண்ணையே கீயாக வைத்து, ஐந்து நெடுவரிசைகளுக்கும் சேர்த்து ஒரு யுனீக் கன்ஸ்ட்ரெயின்ட் (அதே மதிப்புகள் மறுபடி வராமல் தடுக்கும் கட்டுப்பாடு) போட்டிருக்கிறேன்.

கூட்டுப் பட்டாவில்தான் இந்த வசதி உண்மையிலேயே கைகொடுக்கிறது. நில ஐடி, பட்டாதாரர் ஐடி இரண்டும் சேர்ந்தது கீ; பக்கத்தில் பங்கு. இரண்டு ஐடிகளும் என்றைக்கும் மாறாதவை. ஒரே ஆளை ஒரே நிலத்தில் இரண்டு முறை ஏற்ற முயன்றால் தரவுத்தளமே மறுத்துவிடுகிறது. பிகே-யை, அதாவது பிரைமரி கீயைக் கேட்டால் (17, 4) என்று டியூப்பிளாக, அதாவது வரிசை மாறாத மதிப்புத் தொகுப்பாக வருகிறது. அதே ஜோடியைக் கொடுத்துப் பதிவை எடுக்கலாம்.

குறைகளும் சிறியவை அல்ல. இத்தகைய மாடலை (அட்டவணையை விவரிக்கும் நிரல் பகுதியை) ஜாங்கோவின் ஆயத்த நிர்வாகத் திரையான அட்மினில் பதிவு செய்ய முடியாததால், பங்குகளை உள்ளிடும் திரையைத் தனியாக எழுத வேண்டியிருந்தது. ஏற்கெனவே உள்ள அட்டவணையின் கீயை, அட்டவணை அமைப்பை மாற்றும் ஜாங்கோ வசதியான மைக்ரேஷனால் இப்படி மாற்றவும் இயலாது. புதிய அட்டவணை உருவாக்கித் தரவை நகலெடுத்தேன். எல்லாவற்றையும்விடப் பெரிய தடை, வேறு மாடலின் ஃபாரின் கீ (இன்னொரு அட்டவணையின் பதிவைச் சுட்டும் நெடுவரிசை) இந்த மாடலைச் சுட்ட முடியாது என்பதுதான். ஃபாரின் ஆப்ஜெக்ட் என்ற மாற்று வழி இருந்தாலும், அது தரவுத்தளத்தில் கட்டுப்பாடு எதையும் உருவாக்காது. ஜாங்கோவின் உள்வேலைக்கானது என்பதால் முன்னறிவிப்பின்றி மாறவும் கூடும். அதனால் பங்குத் தொகை வரவுக்கென்று நாளை தனி அட்டவணை தேவைப்படும் என்று தெரிந்தால், பங்கு அட்டவணைக்கும் தனி ஐடியே கொடுப்பேன்.