வளவுக் கொட்டிலுக்குப் போட்ட கொங்கிறீற் தளம்: இத்தனை மாரிக்குப் பிறகு

கிளிநொச்சிப் பக்கம் சாமான் கொட்டில் போட நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது தகர விலையைத்தான். அடியில் என்ன போடுவது என்று கேட்பவர்கள் குறைவு. நான் 2017இல் போட்ட கொட்டிலுக்குத் தகரம் ஒருமுறை மாற்றியாயிற்று, மரச்சட்டங்களிலும் சில போய்விட்டன. தளம் மட்டும் அப்படியே கிடக்கிறது.

பத்துக்குப் பன்னிரண்டு அடி, நாலு அங்குலக் கனம். ஒரு பங்கு சீமெந்துக்கு இரண்டு பங்கு மணல், நாலு பங்கு கல் என்ற கலவையில் ஏழெட்டுப் பை சீமெந்து போகும். முக்கால் அங்குலக் கல் அரைக் கியூப்கூட (ஒரு கியூப் என்பது நூறு கன அடி) தேவைப்படாது. உழைப்பு முழுக்க அதற்குக் கீழேதான். எங்கள் நிலம் களி. மாரியில் ஊதும், கோடையில் விரல் நுழையுமளவு வெடிக்கும். மேலே கிடப்பதையும் சேர்த்து வெடிக்க வைக்கும். அதனால் மேல்மண்ணை வேரோடு வழித்து, கிறவலை (சரளை மண்ணை) மூன்று நாலு அங்குலப் படைபடையாகப் பரப்பி, தண்ணீர் தெளித்துத் தெளித்து இடித்தோம். குதிக்கால் ஊன்றினாலும் பதியாது என்ற நிலை வந்த பிறகே பொலித்தீன் விரித்தோம். அது வீண் செலவு என்றார் மேசன். அடுக்கின் அடியில் கிடக்கும் உரப்பைகூட இன்றுவரை ஈரம் பிடித்ததில்லை.

உயரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். எங்கள் தளம் முற்றத்தைவிட முக்கால் அடி உயரம். 2018 மார்கழி வெள்ளத்தில் முற்றத்தில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்றும் நெல் மூட்டை நனையவில்லை. கறையானுக்கும் இந்த உயரம்தான் மருந்து. அது நல்ல கொங்கிறீற்றைத் துளைப்பதில்லை, பக்கவாட்டில் பென்சில் தடிப்பில் மண் குழாய் கட்டி ஏறும். விளிம்பு வெளியே தெரிந்தால் குழாயும் கண்ணில் படும், மண்வெட்டி நுனியால் சுரண்டிவிடலாம். விளிம்போடு விறகு அடுக்கினால் போச்சு.

தளத்தைக் கொட்டிலைவிட அகலமாகப் போடச் சொல்வார்கள். கேட்க வேண்டாம். வெளியே நீட்டிய இடத்தில் விழும் மழை சுவருக்கு அடியால் உள்ளே வரும். தளம் சுவர் அளவுக்கே இருக்க, சுவர்த் தகரம் விளிம்பைத் தாண்டி ஓர் அங்குலம் கீழே இறங்கட்டும்.

சோளகம் என்ற தென்மேல் காற்று வீசும் காலத்தில் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காற்று மேற்பரப்பை வெகு சீக்கிரம் காயவைத்து மயிரிழை வெடிப்பை உண்டாக்கும். இறுகியதும் ஓரத்தில் மணலால் வரம்பு கட்டி, ஒரு கிழமையாவது தண்ணீர் தேக்கி வையுங்கள். பாரத்தை ஏற்ற அவசரப்படாதீர்கள், கொங்கிறீற் முழுப் பலத்துக்கு வர 28 நாள் கணக்கு.

குறை என்றால் இரண்டு. லாண்ட்மாஸ்ரர் (இருசில்லு உழவு இயந்திரம்) ஏறி இறங்கும் வாசல் ஓரம் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது. அந்த ஓரத்தை மட்டும் எட்டு அங்குலத் தடிப்பில் போட்டால் தாங்கும். மற்றது, மேசன் கண்ணாடிபோல மினுக்கிவிட்ட தரை. ஈரக்காலோடு உள்ளே போனால் வழுக்கும். மினுக்காமல், கொங்கிறீற் இறுகாமல் பச்சையாக இருக்கும்போதே ஈர்க்கு விளக்குமாற்றால் ஒருதரம் இழுத்துவிடச் சொல்லுங்கள்.