ஃபிஸ்டுலா, கிராஃப்ட், கழுத்து ட்யூப்: எது எப்படிக் கெடும்?

டயாலிசிஸ் தொடங்க வேண்டும் என்றதும் வீட்டில் முதலில் கேட்பது வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு செலவு என்றுதான். ரத்தத்தை எந்த வழியாக எடுத்து எந்த வழியாகத் திருப்பி அனுப்புவார்கள் என்று கேட்பவர் குறைவு. கையில் தமனியையும் சிரையையும் நேரடியாக இணைக்கும் ஃபிஸ்டுலா, நடுவில் செயற்கைக் குழாய் வைத்து இணைக்கும் கிராஃப்ட், கழுத்துச் சிரை வழியாக இதயத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும் கதீட்டர் (ட்யூப்) என்று மூன்று வழிகள் உண்டு. நன்றாக ஓடும் நாளில் மூன்றுமே வேலையை முடித்துவிடும். எது எப்படிக் கெடுகிறது, அது நமக்கு எவ்வளவு முன்னதாகத் தெரிகிறது என்பதில்தான் வித்தியாசமே.

கதீட்டரின் கவர்ச்சி வேகம். இன்று வைத்தால் இன்றே ஓட்டலாம், ஊசி வலியும் கிடையாது. அவசரமாக ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் இதில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் இது கெட்டால் நேராக ரத்தத்தில் கெடும். மெஷினில் இருக்கும்போது குளிர் நடுக்கம் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது ரத்தத்தில் கிருமி. மாத்திரை போட்டுப் படுத்துக்கொள்ளும் காய்ச்சல் இல்லை அது. ரத்தத்தைக் கல்ச்சருக்கு (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) அனுப்பி ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும், பல நேரம் ட்யூபையே மாற்ற வேண்டியிருக்கும். இன்னொரு சேதம் மெதுவாக வரும். ட்யூப் உரசி உரசிப் பெரிய சிரை சுருங்கிவிட்டால், பிறகு அதே பக்கத்துக் கையில் போடும் ஃபிஸ்டுலாவும் வீணாகலாம், கை வீங்கிவிடும். ட்யூப் நனையக் கூடாது. டயாலிசிஸ் ஊழியர் தவிர வேறு யாரும் அதைத் திறந்து மருந்து ஏற்றவும் விடாதீர்கள்.

கிராஃப்ட் நடுவில் நிற்கிறது. சிரை மெலிந்துபோனவர்களுக்கு உதவும், வழக்கமாக 2 முதல் 4 வாரத்தில் ஊசி போடலாம். ஆனால் சிரையோடு சேரும் முனையில் அடிக்கடி சுருங்கும், ஃபிஸ்டுலாவைவிட எளிதாக ரத்தம் உறையும். கிருமி பிடித்தால் பெரும்பாலும் அறுத்து எடுக்க வேண்டியதுதான்.

ஃபிஸ்டுலா பற்றி அமெரிக்காவில் மருத்துவர்கள் பிரெசியா, சிமினோ குழுவினர் 1966-இல் எழுதினார்கள். இன்றும் நீண்ட நாள் உழைப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. குறை என்னவென்றால், பழுக்க, அதாவது சிரை தடித்து ஊசிக்குத் தயாராக, 6 வாரம் முதல் 3 மாதம் வரை ஆகும், சிலருக்குப் பழுக்காமலே போகும். அதற்கு ஈடாக, கெடுவதற்கு முன் பல நேரம் அதுவே சொல்லிவிடும். விரல் வைத்தால் செல்போன் வைப்ரேட் ஆவதுபோல் ஓர் அதிர்வு இருக்கும், இதைத்தான் த்ரில் என்கிறார்கள். காலையும் இரவும் தொட்டுப் பாருங்கள். அதிர்வு குறைந்து வெறும் நாடித்துடிப்பாக மாறினாலோ, ஊசி எடுத்த பின் ரத்தம் நிற்க வழக்கத்தைவிட நேரமானாலோ, மெஷினில் வீனஸ் பிரஷர் (ரத்தம் உடலுக்குத் திரும்பும் பாதையின் அழுத்தம்) ஏறிக்கொண்டே போனாலோ, எங்கோ சுருக்கம் இருக்கலாம். இந்தக் கட்டத்தில் பலூன் வைத்து விரித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதிர்வு அடியோடு நின்றுவிட்டால் அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திருக்காமல் அன்றே போக வேண்டும். தாமதிக்கத் தாமதிக்க உறைந்த ரத்தத்தை எடுப்பது கடினம்.

அந்தக் கையில் பிபி பார்ப்பது, ரத்தம் எடுப்பது, இறுக்கமான வளையல், தலைக்கு வைத்துப் படுப்பது எதுவும் வேண்டாம். வலி குறைவு என்று ஒரே இடத்தில் ஊசி போடச் சொல்வது நோயாளிகளே செய்யும் தவறு, டெக்னீஷியனும் சரி என்று போட்டுவிடுவார். அந்த இடம் புடைத்து, தோல் மெலிந்து பளபளத்தால் உடனே காட்டுங்கள். வெடித்தால் ரத்தம் பீறிடும். அப்போது விரலால் அந்த இடத்தை அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி, 108-ஐக் கூப்பிட வேண்டும். விரல்கள் சில்லிட்டு வலித்தால் கைக்கு ரத்தம் போதவில்லை என்று பொருள், அதையும் தள்ளிப்போடக் கூடாது.

அவகாசம் இருப்பவருக்கு என் ஓட்டு ஃபிஸ்டுலாவுக்கே. ஆனால் இதயம் பலவீனமான முதியவருக்கு ஃபிஸ்டுலாவின் கூடுதல் ரத்த ஓட்டமே சுமையாகலாம், அவருக்கு ட்யூபே சரியாக இருக்கக்கூடும். அமெரிக்காவின் 2019 வழிகாட்டுதலும் எல்லாருக்கும் ஒரே விடை சொல்லாமல் ஆளுக்கேற்ற திட்டத்தைத்தான் பேசுகிறது.

சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் ரத்த அளவான கிரியாட்டினின் ஏறிக்கொண்டிருந்து, டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை என்றால், ட்ரிப்ஸ் போட வருபவரிடம் புறங்கையில் போடச் சொல்லுங்கள். முன்கைச் சிரைகள் நாளைக்கு ஃபிஸ்டுலாவுக்குத் தேவைப்படும்.