கைபேசிக்குள் ஆறடிச் சதுரம்

நாள் முழுக்க எக்செல் கட்டங்களைப் பார்த்துக் கண் பூத்துப்போகிற கணக்கு வேலை எனக்கு. அடையாளம் காணும் உருவம் எதுவும் இல்லாமல் வரைகிற அரூப ஓவியர்களை அறிமுகப்படுத்துவதாகச் சொன்ன ஒரு செயலிக்குச் சந்தா கட்டினால், முதல் நாளே அது நீட்டியதும் கட்டம்தான்: கட்டங்களை வரைந்த ஓவியர் ஆக்னஸ் மார்ட்டின். திரையில் வெளிறிய வெற்றுச் சதுரமாகத் தெரிந்தது. தள்ளிவிட்டுப் போய்விட்டேன்.

பத்து மாதமாகிறது. தினமும் காலையில் ஓர் ஓவியர், ஐந்தாறு படங்கள், சின்னதாக ஒரு குறிப்பு. குறிப்புகள் நன்றாகவே இருக்கின்றன. ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கியிடமிருந்துதான் அரூப ஓவியம் தொடங்கியது என்று நினைத்திருந்த எனக்கு, 1906லேயே அரூபத்துக்குப் போய்விட்ட ஹில்மா ஆஃப் கிளிண்ட்டைக் காட்டியது இதுதான். 1915இல் பிறந்து, 89 வயதில் முதல் ஓவியத்தை விற்ற கார்மென் ஹெரேராவும் இப்படித்தான் தெரிய வந்தார். அவரைப் போய் ‘இன்றைய புதுமுகம்’ என்று அறிவித்திருந்தார்கள்!

செயலியின் பெரிய பலம், படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி. தூக்கம் வராத ஒரு ராத்திரி மார்ட்டினிடம் திரும்பிப் போய் இரண்டு விரலால் விரித்துக்கொண்டே போனேன். பென்சில் கோடுகள். தள்ளி நின்றால் நேர்கோடு. கிட்டப் போனால் கேன்வாஸ் நெசவின் மேட்டில் பட்டு, பள்ளத்தில் விட்டு, புள்ளி புள்ளியாக நகர்கிறது. எக்செலில் ஒரு கோடுகூட இப்படித் தடுமாறாது. அன்றைக்கு மணி இரண்டு ஆகிவிட்டது.

ஆனால் அளவு விஷயத்தில் சொதப்பல். உள்ளங்கை அகலத் தாளும் மார்ட்டினின் ஆறடிக் கேன்வாஸும் திரையில் ஒரே அளவு. ‘183 × 183 செ.மீ.’ என்று அடியில் பொடி எழுத்தில் போட்டால் போதுமா? கடைசியில் நானே டேப் ஒட்டிச் சுவரில் ஆறடிச் சதுரம் போட்டுப் பார்த்தேன். இரண்டு கையையும் விரித்தால்தான் ஓரத்துக்கு ஓரம் எட்டுகிறது. தனியாகத் தூக்கிக் கையாள முடியவில்லை என்று முதுமையில் மார்ட்டின் ஐந்தடிக்கு இறங்கியது அப்போதுதான் உறைத்தது. ஹில்மாவின் 1907 ஓவியங்களுக்கு முயலவில்லை. மூன்று மீட்டருக்கு மேல் உயரம், என் வீட்டுக் கூரை இடம் தராது.

‘இதைப் போன்றவை’ பொத்தானைத் தொடவே வேண்டாம். நிறத்தை வைத்துப் பொருத்துகிறது போல. மார்ட்டினுக்கு அடுத்து வந்தவை சோபாவுக்கு மேல் மாட்டும் அலங்காரப் படங்கள். குறிப்பின் அடியில் யாரோ கையால் கோத்த இணைப்புதான் உருப்படி. அதுதான் இந்திய ஓவியர் நஸ்ரீன் முகமதியிடம் (1937–1990) கொண்டுபோய் விட்டது. மை தொட்டு இழுத்த மெல்லிய கோடுகள், சாய்ந்து சாய்ந்து வெற்றுத்தாளில் கரைகின்றன. அப்புறம் அவற்றைத் தேடிப் பிடிப்பதுதான் பாடு. அவர் பெரும்பாலானவற்றுக்குத் தலைப்பே வைக்கவில்லை. தேடினால் ‘தலைப்பில்லை’, ‘தலைப்பில்லை’ என்று ஒரு நீளப் பட்டியல், பக்கத்தில் குட்டிப் படம்கூட இல்லாமல்.

ஐந்துக்கு மூன்றரை. சந்தா முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஓவியத்தின் பக்கத்தில் ஓர் ஆள் உருவத்தையாவது நிறுத்திக் காட்டினால் புதுப்பிப்பேன். சுவரில் ஒட்டிய டேப்பை இன்னும் பிய்க்கவில்லை.