வாடகைப் படகில் கடலோர நீர்வழிப் பயணம்: முன்பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

அமெரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டி, வர்ஜீனியாவின் நார்ஃபோக்கிலிருந்து தெற்கே ஃப்ளோரிடா வரை செல்லும் அட்லாண்டிக் உட்கடலோர நீர்வழியில், மாலுமி இல்லாமல் மோட்டார் படகை வாடகைக்கு எடுத்துச் சில நாள்கள் பயணம் போக எண்ணுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். வட கரோலினாவில் எங்களுக்குப் படகு கொடுத்த நிறுவனத்துடன் தகராறு இன்னும் முடியாததால் அதன் பெயரைச் சொல்லவில்லை. பெயரைவிட நடந்த விதம்தான் முக்கியம். இதே போன்ற ஒப்பந்தப் படிவமும் இதே அவசரமும் வேறு படகுத்துறைகளிலும் உங்கள் முன் வரக்கூடும்.

முதலில் இந்த நீர்வழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் இயல்பு தெரியாவிட்டால் எங்களுக்கு இழைக்கப்பட்டது என்னவென்று விளங்காது. பெருநிலத்துக்கும் கடலோரத் தீவுகளுக்கும் இடையே ஆறுகள், காயல்கள், வெட்டப்பட்ட கால்வாய்கள் வழியாகப் போகும் பாதை இது. அலையின்றி அமைதியாகத் தெரிவதால் புதியவர்களுக்கும் ஏற்றது என்றே விளம்பரங்கள் சொல்கின்றன. நார்ஃபோக்கிலிருந்து ஃபோர்ட் பியர்ஸ் வரை 12 அடி, அங்கிருந்து மயாமி வரை 10 அடி என்பது அரசு நிர்ணயித்த ஆழம். ஆனால் அது தூர்வாரியவுடன் இருக்க வேண்டிய ஆழமே தவிர, நீங்கள் போகும் நாளில் இருக்கும் ஆழம் அன்று. கடல் உள்ளே புகும் கழிமுகங்களில், ஓதம், அதாவது கடல் நீரின் ஏற்ற இறக்கம், ஒவ்வொரு முறையும் மணலைக் கொண்டுவந்து கொட்டுகிறது. வட கரோலினாவின் லாக்வுட்ஸ் ஃபாலி, ஜார்ஜியாவின் ஹெல் கேட், ஜெக்கில் கிரீக் போன்ற இடங்கள் மணல் மேடிடுவதற்குப் பெயர்போனவை. பாதையைப் பராமரிக்கும் ராணுவப் பொறியாளர் படை தூர்வாரிவிட்டுப் போன பிறகும் மேடு திரும்ப வந்துவிடும். ஆகவே இந்த வழியில் படகோட்டிக்குக் கண்ணாக இருப்பது ஆழமானி.

அந்த ஆழமானியைப் பற்றித்தான் எங்களிடம் பொய்யான தகவல் சொல்லப்பட்டது.

படகை ஒப்படைக்கும்போது அரை நாள் பயிற்சி தரப்படும் என்று முன்பதிவுக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். நடந்ததோ, ஊழியர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தபடியே இன்ஜினை இயக்கிக் காட்டி, கழிவறை பம்பை விளக்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த வாடிக்கையாளரிடம் போனதுதான். திரையில் தெரியும் எண் எங்கிருந்து அளக்கப்படுகிறது என்று என் மைத்துனர் குறிப்பாகக் கேட்டார். படகின் அடிக்கட்டைக்குக் கீழே மீதமிருக்கும் தண்ணீரைத்தான் அது காட்டுகிறது, ஆகவே பூச்சியம் வரும்வரை கவலை வேண்டாம் என்று பதில் வந்தது. உண்மையில் அந்தக் கருவி நீர்ப்பரப்பிலிருந்து அடிமண் வரையிலான முழு ஆழத்தைக் காட்டும்படி அமைக்கப்பட்டிருந்தது. எங்கள் படகு நான்கு அடி அளவுக்கு நீருக்குள் அமிழ்ந்து மிதப்பது. அதாவது திரையில் ஐந்து என்று வந்தால் எங்களுக்குக் கீழே ஐந்தடி இருப்பதாக நாங்கள் நம்பியிருக்க, அங்கே இருந்ததோ ஓரடி. ஆழமானிகள் பலவற்றில் இந்த அளவுப்புள்ளியை மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு. நீர்ப்பரப்பிலிருந்து அளப்பது தவறான அமைப்பும் அன்று. எந்த அமைப்பில் இருக்கிறது என்பதை வாடகைக்கு விடுபவர் அறியாமல் இருப்பதும், அறியாமலே உறுதி கூறுவதும்தான் தவறு.

வரைபடக் கருவியில் இருந்த வரைபடமும் பழையது. மணல் நகரும் இடங்களில் கடலோரக் காவல்படை மிதவைகளை அவ்வப்போது இடம்மாற்றி வைக்கிறது. தெற்கு நோக்கிப் போகும்போது மஞ்சள் முக்கோணம் இட்ட குறிகளை வலப்பக்கமும் மஞ்சள் சதுரம் இட்டவற்றை இடப்பக்கமும் விட்டுச் செல்ல வேண்டும் என்ற விதி எங்களுக்குத் தெரிந்திருந்ததால், வரைபடக் கோட்டுக்கும் மிதவைகளுக்கும் முரண்பாடு வந்தபோதெல்லாம் மிதவைகளையே நம்பிப் போனோம்.

தொடக்கத்தில் எந்தக் குறையும் இல்லை. பாலம் திறக்கும் நேரத்துக்குக் காத்திருந்ததையும், இரவுகளில் நங்கூரமிட்ட இடங்களையும் இங்கே விவரிக்கத் தேவையில்லை. ஓக் தீவுக்கும் ஹோல்டன் பீச்சுக்கும் நடுவே லாக்வுட்ஸ் ஃபாலி கழிமுகத்தைக் கடக்கும்போது, மிதவைகளுக்கு நடுவில்தான் போய்க்கொண்டிருந்தோம். திரையில் ஆறு அடி, பிறகு ஐந்து. வேகத்தைக் குறைத்தோம். திரை நான்கு என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே படகு மெதுவாக முனகி மணலில் உட்கார்ந்துவிட்டது. கயிற்றில் எடை கட்டிப் பக்கவாட்டில் இறக்கிப் பார்த்தபோது தண்ணீர் சரியாக நான்கடி இருந்தது. கருவி பழுதில்லை, சொன்ன வாய்தான் பழுது என்று அப்போதுதான் தெரிந்தது. ஓதம் இறங்கிக்கொண்டிருந்தது.

நிறுவனத்தின் அவசர எண்ணை நெடுநேரம் யாரும் எடுக்கவில்லை. உயிருக்கு ஆபத்து இல்லாத நிலையில் கடலோரக் காவல்படை படகை இழுத்துத் தராது. வானொலியில் தகவலை அறிவித்து, அருகிலுள்ள தனியார் இழுவைப் படகுகளுக்கு வாய்ப்பளிக்கும். அப்படி வந்த இழுவைப் படகுக்காரர், கயிற்றை வீசுவதற்கு முன்னால் ஒரு படிவத்தை நீட்டினார். அதில் மணிக்கு இவ்வளவு என்ற கூலி இல்லை. ‘பலன் இல்லையேல் பணம் இல்லை’ என்ற வகையிலான மீட்பு ஒப்பந்தம் அது. இதற்குள் எங்களைத் தொடர்புகொண்ட நிறுவன ஊழியரிடம் படிவத்தைப் படமெடுத்து அனுப்பிக் கேட்டோம். “கையெழுத்துப் போட்டுவிடுங்கள், காப்பீடு பார்த்துக்கொள்ளும்” என்று குறுஞ்செய்தி வந்தது. விபத்து நேர்ந்தால் நிறுவனத்தின் அறிவுறுத்தல்படியே நடக்க வேண்டும் என்பது வாடகை ஒப்பந்தத்தின் நிபந்தனை என்பதால் கையெழுத்திட்டோம். சிறிது நேரத்தில் படகு மணலிலிருந்து விடுபட்டது. ஒழுகல் இல்லை, காயமும் யாருக்கும் இல்லை.

இழுவைக்கும் மீட்புக்கும் உள்ள வேறுபாட்டை இந்த வழியில் போகும் ஒவ்வொருவரும் தெரிந்துகொண்டே படகில் ஏற வேண்டும். இழுவை என்பது கூலி வேலை; செலவிட்ட நேரத்துக்குப் பணம். மீட்பு என்பது கடல்சார் சட்டத்தின் தனி ஏற்பாடு. படகு ஆபத்தில் இருந்திருக்க வேண்டும், கடமைப்படாத ஒருவர் தானாக முன்வந்து உதவியிருக்க வேண்டும், முயற்சி முழுமையாகவோ பகுதியாகவோ வெற்றி பெற்றிருக்க வேண்டும். இம்மூன்றும் அமைந்தால், காப்பாற்றப்பட்ட படகின் மதிப்பு, ஆபத்தின் அளவு, காட்டப்பட்ட திறமை ஆகியவற்றைக் கொண்டு வெகுமதி கணக்கிடப்படும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1869-இல் பிளாக்வால் வழக்கில் வகுத்த அளவுகோல்கள் இன்றும் எடுத்தாளப்படுகின்றன. அரைமணி நேர வேலைக்குப் படகின் மதிப்பில் ஒரு பங்கைக் கேட்க முடிவது இதனால்தான். அதே நேரத்தில், 1989-ஆம் ஆண்டின் பன்னாட்டு மீட்பு உடன்படிக்கையின் 7-ஆம் பிரிவு, ஆபத்தின் அழுத்தத்திலோ தகாத வற்புறுத்தலிலோ செய்யப்பட்டு நியாயமற்ற நிபந்தனைகள் கொண்ட ஒப்பந்தத்தை ரத்து செய்யவோ மாற்றவோ இடம் தருகிறது. மென்மையான மணலில், காற்றில்லாத பகலில், ஓதத்தின் அடுத்த ஏற்றத்தில் தானாகவே மிதக்கக்கூடிய படகு எந்த அளவுக்கு ஆபத்தில் இருந்தது என்று வாதிட நிறைய இடமுண்டு. இழுவைப் படகுக்காரரை நான் பெரிதாகக் குறை சொல்லவில்லை. அவர் தன் தொழிலைச் செய்தார், படிவத்தையும் மறைக்கவில்லை.

குறை முழுவதும் வாடகை நிறுவனத்தின் மீதுதான். திரும்பி வந்ததும், காப்பீட்டில் உரிமையாளர் ஏற்க வேண்டிய தொடக்கத் தொகை என்று சொல்லி எங்கள் வைப்புத்தொகை முழுவதையும் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு மேலும் இன்ஜினைக் குளிர்விக்கும் கடல்நீர் பம்பின் இம்பெல்லர் (உள்ளே சுழலும் ரப்பர் இறகுச் சக்கரம்) சேதமடைந்தது என்று தனிக் கட்டணம் போட்டார்கள். தரைதட்டும்போது மணல் உள்ளே இழுக்கப்படுவதும் இன்ஜின் சூடாவதும் இயல்புதான். ஆனால் அடுத்த படகுத்துறையில் அதைக் கழற்றிய மெக்கானிக், இறகுகள் வெடித்து இறுகிப் போயிருந்ததைக் காட்டி, இது ஒரு நாளில் வந்த சேதம் அன்று, நீண்ட காலம் மாற்றப்படாத ரப்பர் என்று எழுத்திலேயே கொடுத்தார். படகில் மாற்று இம்பெல்லர் இருப்பதாகப் பொருள் பட்டியல் சொன்னது. பெட்டி காலியாக இருந்தது. அந்தப் பழைய இம்பெல்லரை நாங்கள் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டோம்.

மாலுமி இல்லாத வாடகையில் படகின் முழுப் பொறுப்பும் அந்த நாள்களுக்கு வாடகைதாரர் மீது வந்துவிடுகிறது. ஆனால் ஒப்படைக்கும் நேரத்தில் படகு பயணத்துக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்ற கடமை பொதுவாக உரிமையாளருடையது. அந்தக் கடமையிலிருந்து நழுவத்தான் ‘இருக்கும் நிலையிலேயே பெற்றுக்கொண்டேன்’ என்ற வரியைப் படிவத்தின் நடுவே செருகி வைக்கிறார்கள். அந்த வரி இருந்தால், பொருள் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம். துறையில் கட்டியிருக்கும்போதே எடை கட்டிய கயிற்றை இறக்கி, ஆழமானி காட்டும் எண்ணோடு ஒப்பிட்டு, இரண்டையும் ஒரே படத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிட வேலை. மேடிடும் இடங்களுக்கு ராணுவப் பொறியாளர் படை வெளியிடும் அண்மைய ஆழ அளவீடுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவ்விடங்களை ஓதம் ஏறும் நேரத்தில் கடந்தால், தட்டினாலும் தண்ணீரே தூக்கிவிடும். இழுவை உதவிக்காக முன்கூட்டியே கட்டும் சந்தா எடுப்பதானால் அது வாடகைப் படகுக்கும் செல்லுமா என்பதையும், தரைதட்டினால் யார் எந்தத் தொகையை ஏற்பது என்பதையும் முன்பணம் கட்டுமுன் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி உறுதிகளை அந்த ஊழியரே பிறகு நினைவில்லை என்றார்.

குறுஞ்செய்தியையும் மெக்கானிக்கின் குறிப்பையும் இணைத்துக் கடன் அட்டை நிறுவனத்திடம் முறையிட்ட பிறகு இம்பெல்லர் கட்டணம் திரும்ப வந்தது. வைப்புத்தொகையில் பாதியைத் தருவதாகவும், பதிலுக்கு இது குறித்து எங்கும் எழுதக் கூடாது என்றும் நிறுவனம் கேட்டது, மறுத்துவிட்டோம். சிறு வழக்குகளுக்கான நீதிமன்றத்தில் மனு கொடுத்திருக்கிறோம். அதே படகு இந்தப் பருவத்துக்கும் வாடகைக்கு விளம்பரப்படுத்தப்படுகிறது, ‘புதியவர்களுக்கு ஏற்றது’ என்ற வரியோடு.