ஹோரோவிட்ஸ் இன் மாஸ்கோ: 82 வயதில் ஒரு கச்சேரிப் பதிவு

1986 ஏப்ரல் 20 அன்று மாஸ்கோ கன்சர்வேட்டரியின் பெரிய அரங்கில் பியானோ கலைஞர் விளாதிமிர் ஹோரோவிட்ஸ் வாசித்த கச்சேரியின் பதிவு இது. வெளியிட்டது டாய்ச் கிராமஃபோன் என்ற இசைப்பதிவு நிறுவனம். 1925இல் சோவியத் நாட்டை விட்டுப் போனவர் 61 ஆண்டு கழித்து, 82 வயதில் திரும்பி வந்து வாசிக்கிறார். இந்த இசைத்தட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவர் திரும்பி வந்த உருக்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். அதைவிட மதிப்பானது, வயதான கைகளுக்கு எது முடியும், எது முடியாது என்று அளந்து அவர் அமைத்த கச்சேரி.

மூன்றாண்டுக்கு முன் டோக்கியோவில் ஷூமனின் 'கார்னவால்' போன்ற பெரிய உருப்படிகளை எடுத்துக்கொண்டார். மருந்துகளின் பாதிப்பு வேறு. நினைவு தடுமாறியது, சுரங்கள் சிதறின. மாஸ்கோவில் பட்டியலே மாறிவிட்டது. பல பகுதிகள் கொண்ட மோட்சார்ட்டின் சி மேஜர் சொனாட்டா (படைப்புப் பட்டியலில் கே. 330) ஒன்றுதான் நீளமானது, அதிலும் விரல்களை வதைக்கும் இடம் குறைவு. மற்றவை எல்லாம் சில நிமிட உருப்படிகள். இடையில் கைதட்டல் வரும், கைக்கு ஓய்வு கிடைக்கும், களைப்பு அடுத்த உருப்படிக்குள் கசியாது.

இந்த ஏற்பாட்டின் இன்னொரு பாதி, பியானோவில் இருக்கிறது. நியூயார்க்கிலிருந்து தன் சொந்த ஸ்டெயின்வே பியானோவையே கொண்டுபோனார். அதன் கட்டைகள் வழக்கத்தைவிட லேசாக அழுந்தும். சுத்தியல்கள் கெட்டியாக்கப்பட்டவை, அதனால் சிறு அழுத்தத்துக்கே பளீரென்ற ஒலி வரும். தோள்பலம் குறைந்தவருக்கு இது பெரிய வரம். ஆபத்தும் அதிலேயே உண்டு: பக்கத்துக் கட்டையில் விரல் உரசினாலே அதுவும் பேசிவிடும். தட்டில் ஆங்காங்கே காதில் விழும் பிசிறுகளை வயதின் கணக்கில் மட்டும் எழுதக் கூடாது.

கேட்கத் தொடங்க ராக்மனினோவின் ஜி மேஜர் பிரெலூட் என்ற சிறு உருப்படி (ஓபஸ் 32, எண் 5) நல்ல இடம். இடக்கை ஐந்தைந்து சுரங்களாக ஓடிக்கொண்டிருக்க, மேலே வலக்கை பாடுகிறது. அந்த ஓட்டம் எங்கும் மெட்டை மூடவில்லை. இரண்டு கைகளுக்கும் எடையை வேறுவேறாகப் பிரித்துக் கொடுக்கும் இந்தத் திறமை வேகத்தைப் போல வயதோடு கரைவதில்லை. ஸ்கார்லாட்டியின் ஈ மேஜர் சொனாட்டாவிலும் (கே. 380) அதேதான்: ஊதுகொம்பு அழைப்பு போன்ற சொற்றொடர் திரும்ப வரும்போது வேறு நிறத்தில் வருகிறது.

ஸ்க்ரியாபினின் டி ஷார்ப் மைனர் எட்யூட் (பயிற்சி உருப்படி; ஓபஸ் 8, எண் 12) தட்டின் பலவீனமான இடம். இடக்கை தாவ வேண்டிய தூரம் அதிகம்; வலக்கையில் ஆக்டேவ்கள், அதாவது ஒரே சுரத்தை இரு ஸ்தாயிகளில் சேர்த்து அடிப்பது, ஓய்வதே இல்லை. சக்தி இருக்கிறது, தெளிவு இல்லை. ஆனாலும் உச்சத்துக்காக ஒலியைச் சேமித்துவைத்துக் கடைசியில் கொட்டுகிற விதத்துக்காகக் கேட்கலாம். துக்கடாக்களில் மொஷ்கோவ்ஸ்கியின் 'எதான்செல்' அசர வைக்கிறது. கை பெரிதாக நகராமல் விரல்நுனியில் தெறிக்கும் வாசிப்பு என்பதால் இந்த வயதிலும் முழுதாக அமைந்துவிட்டது. ஷூமனின் 'ட்ராய்மெரை' எளிய உருப்படிதான். ஒரு சுரம் தடித்தாலும் கெட்டுவிடும். இங்கே ஒன்றுகூடத் தடிக்கவில்லை.

கேட்கிறவர்களுக்கு ஒரு யோசனை. ஸ்கார்லாட்டியை அளவாகக் கொண்டு ஒலியளவை வைக்காதீர்கள். மிக மென்மையாக இருக்கிறதே என்று ஏற்றிவிட்டால் ஸ்க்ரியாபின் வரும்போது காதை அடைக்கும். அந்த எட்யூடின் கடைசி அரை நிமிடத்தை முதலில் ஓடவிட்டு அளவை வைத்துக்கொண்டு, பிறகு தொடக்கத்துக்குப் போங்கள். இருமல், நாற்காலிச் சத்தம் எல்லாம் பதிவிலேயே உண்டு. உங்கள் கருவியின் கோளாறு அல்ல.

இரும்பு ஆக்டேவ்களுக்குப் பேர்போன இளைய ஹோரோவிட்ஸ்தான் வேண்டும் என்றால் இதை வாங்க வேண்டாம். 1932இல் அவர் பதிவுசெய்த லிஸ்ட் பி மைனர் சொனாட்டா இருக்கிறது. பியானோ கற்பவர்கள் தட்டோடு நிற்காமல் இதே கச்சேரியின் காணொளியையும் தேடிப் பார்க்க வேண்டும். தட்டையாக நீட்டிய விரல்கள், தாழ்ந்த மணிக்கட்டு, தேவைப்படும்வரை உள்ளே சுருண்டிருக்கும் சுண்டுவிரல், கடினமான இடத்திலும் அசையாத முதுகு: அந்த ஒலி எப்படி வருகிறது என்பது அதில் கண்ணுக்கே தெரியும்.